அக்கரையும் பள்ளிக்கூடம்தான்

கோட்டைக்ககம், திருவனந்தபுரம்
ஜூலை 16

ராகேல் டீச்சருக்கு,

திங்கட்கிழமை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டீர்கள். ரேஞ்ச் போய்விட்டது என்று நம் பள்ளி வாத்தியார் சஜின் மாஷிடம் சொல்லி அனுப்பினீர்கள். கல்லாறில் ரேஞ்ச் போகும், எனக்கும் தெரியும். ஆனால் நான் "கூடாது" என்று சொல்கிற இடம் பார்த்துத்தான் போகுமா? இனி நமக்குள் எல்லாம் கடிதத்தில். கடிதத்தை நடுவில் யாரும் வைத்துவிட்டுப் போக முடியாது.

கோமதி விலாசம் எல்.பி. ஸ்கூலின் தலைமையாசிரியை என்ற முறையில் நீங்கள் மாதாமாதம் குடும்பங்களுக்கு ஒரு செய்தித்தாள் அனுப்புகிறீர்கள். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம். பூச்செடி வைத்தது, பல் டாக்டர் வருவது, பி.டி.ஏ. மீட்டிங் என்று இருக்கும். நான் குறை சொன்னதில்லை. இந்த மாதத்துத் தாளை கழக்கூட்டத்தில் ஆபீசில் இருக்கும் என் மகன் கிரிஷ் போனில் பார்த்து எனக்குப் படித்துக் காட்டினான். ஊரெல்லாம் படித்து முடித்தபின் கடைசியில் பள்ளிக்கூடத்தை நடத்துகிற மேனேஜருக்குத் தெரிகிறது. நீங்கள் எழுதியிருப்பது இது:

"சனிக்கிழமை மழையில் நடைப்பாலம் ஆற்றோடு போய்விட்டது. அக்கரையில் இருக்கும் நம் பிள்ளைகள் பதினொரு பேரும் பள்ளிக்கு வர முடியவில்லை. பிள்ளைகள் வர முடியாவிட்டால் பள்ளிக்கூடம் அவர்களிடம் போகும். 21-ஆம் தேதி திங்கள் முதல் பாலம் வரும்வரை, அக்கரையில் சொரிமுத்துவின் ரப்பர் புரையில் வகுப்பு நடக்கும். நான் அங்கேயே தங்கியிருப்பேன்."

யாரைக் கேட்டு எழுதினீர்கள்? புரை என்பது ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகை. அங்கே ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவன் நான். இக்கரையிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தலைமையாசிரியை வேண்டாமா?

என் ஏற்பாடு இது. வர முடிந்தவர்கள் வித்துரா வழியாகச் சுற்றி வரட்டும். ரோடு இருக்கிறது, ஜீப் ஓடுகிறது. வர முடியாதவர்கள் பாலம் வரும்வரை வீட்டில் இருந்து படிக்கட்டும். செய்தியைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக இன்னொரு தாள் அனுப்புங்கள். அதை அனுப்பும் முன் என்னிடம் காட்டுங்கள்.

சேஷன்
மேனேஜர்

*

கல்லாறு
ஜூலை 19

மதிப்பிற்குரிய மேனேஜர் சாருக்கு,

கடிதம் கிடைத்தது. ரேஞ்ச் போகவில்லை சார். நான்தான் வைத்தேன். சஜின் மாஷ் உங்கள் மனம் நோகக் கூடாது என்று அப்படிச் சொன்னார்.

செய்தியைத் திரும்பப் பெற மாட்டேன். அது நடக்கப் போவது. நடக்கப் போவதை நடக்காது என்று பெற்றோருக்கு எழுத முடியாது.

ரோடு இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறது. அக்கரையிலிருந்து ஏற்றம் ஏறி, ரப்பர் தோட்டம் தாண்டி, காட்டு விளிம்பில் நடந்து, எஸ்டேட் ரோட்டுக்கு வரவேண்டும். அங்கே ஜீப் நிறைந்தால்தான் எடுப்பார்கள். வித்துராவில் இறங்கி பஸ் பிடித்துக் கல்லாறுக்கு. நேற்று நான் அந்த வழியில் போய்ப் பார்த்தேன். காலையில் புறப்பட்டவள் அக்கரை போய்ச் சேர்ந்தபோது இங்கே பிள்ளைகள் மத்தியானக் கஞ்சி குடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்களாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இந்த வழியில் வந்தால், வந்ததும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

வீட்டில் இருந்து படிக்கட்டும் என்கிறீர்கள். முந்தின தடவை பாலம் போனபோதும் இதே ஏற்பாடுதான் செய்தோம். பாலம் வந்தது. சுப்பு வரவில்லை. மூன்றாம் வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்தவன். காத்திருந்த மாதங்களில் தேயிலைச் சாக்கு சுமக்கப் போனான், பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. இன்றைக்கு மீசை வைத்த ஆள், பொன்முடி போகிற வண்டிகளுக்கு அன்னாசி வெட்டி விற்கிறான். அவன் கடையில் தொங்கும் விலை அட்டையை எழுதிக் கொடுத்தது நம் சஜின் மாஷ். என்னைப் பார்த்தால் இன்றைக்கும் எழுந்து நிற்கிறான். எனக்கு அந்தப் பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறது.

பாறசாலையிலிருந்து என் தம்பி யோசுவா போன் பண்ணி, "அக்கா, ஒனக்கு எதுக்கு இந்த வம்பு? மேனேஜர் சொல்லியத கேட்டுட்டுச் சும்மா இருந்தா ஆவாதா?" என்கிறான். ஆவாது என்றேன்.

இக்கரைக்கு மூன்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அக்கரைக்கு ஒருவரும் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

திங்கட்கிழமை நான் அக்கரையில் இருப்பேன்.

ராகேல்

*

கோட்டைக்ககம்
ஜூலை 28

ராகேல் டீச்சருக்கு,

நான்தான் வைத்தேன் என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும். அது உங்களுக்குத் தேவைக்கு மேல் இருக்கிறது.

நீங்கள் போய்விட்டதாகத் தெரிந்துகொண்டேன். உங்களிடமிருந்து அல்ல, மறுபடியும் செய்தித்தாளிலிருந்து. மாதத்துக்கு ஒன்று என்று இருந்தது, இப்போது வாரத்துக்கு ஒன்றா? அதில் படித்ததை நம்ப முடியாமல் கிரிஷை இரண்டாம் முறை படிக்கச் சொன்னேன். "சொரிமுத்துவும் அக்கரை அப்பாக்களும் ஆற்றின் குறுக்கே கம்பிக் கயிறு கட்டி, உருளை வைத்து, பெட்டி ஓட விட்டிருக்கிறார்கள். உச்சைக்கு நம் பள்ளி அடுக்களையிலிருந்து ஜெயஷீலா அக்கா சோறும் பயறும் அந்தப் பெட்டியில் அனுப்புகிறார். சூடாகவே வருகிறது."

பிள்ளைகளுக்குச் சர்க்கார் கொடுக்கும் அரிசி, சமைத்த பின் பள்ளி வளாகத்தை விட்டு ஆற்றின் மேலே ஊஞ்சலாடிக்கொண்டு போகிறது! இதைத் தலைமையாசிரியையே அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கிறார்! முப்பது வருஷம் ஆடிட்டில் இருந்தவன் நான். இப்படி ஒரு ஆட்சேபணைக்கு எந்தத் தலைப்பு போடுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

தெளிவாகவே எழுதுகிறேன். அந்தப் புரை பள்ளிக்கூடத்தின் இடம் அல்ல. அங்கே நடப்பது பள்ளி வகுப்பும் அல்ல. சோறு போகக் கூடாது, ஹாஜர் போடக் கூடாது. நீங்கள் உடனே திரும்பி வர வேண்டும்.

என் மனைவி நாகலக்ஷ்மி இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். "சூடா வரதாமே! நம்ம ஆத்துல அடுக்களேலேந்து ஊண்மேசைக்கு வரதுக்குள்ள ஆறிப் போறது" என்கிறாள். வீட்டிலேயே எனக்கு ஆள் இல்லை. ஆனாலும் நான் சொன்னது சொன்னதுதான்.

சேஷன்

*

கல்லாறு அக்கரை
ஆகஸ்ட் 3

மேனேஜர் சாருக்கு,

இந்தக் கடிதமும் அந்தப் பெட்டியில்தான் ஆறு தாண்டுகிறது. சஜின் மாஷ் எடுத்துப் போய் வித்துராவில் தபாலில் சேர்ப்பார்.

ஜெயஷீலாவிடம் உங்கள் உத்தரவைச் சொன்னேன். கரைக்குக் கரை கத்தித்தான் பேச வேண்டும். அவள் கத்தின பதில் இரு கரைக்கும் கேட்டது. "பிள்ளைங்க அங்க பட்டினி கெடக்க, நான் இங்க பானைய கழுவிக் கவுத்திட்டுப் போவேனா? மேனேஜர் சார் வந்து எனக்க கையிலேருந்து கரண்டிய வாங்கட்டு." நான் ஒன்றும் சேர்க்கவில்லை சார், குறைக்கவும் இல்லை.

புரையைப் பற்றிக் கேட்டீர்கள். ஓலைக்கூரை மாற்றித் தகரம் போட்டிருக்கிறார்கள். ஷீட் அடிக்கிற மிஷினை மூலைக்குத் தள்ளி, சாக்குப் போட்டு மூடியாயிற்று. ரப்பர் பாலின் புளித்த நாற்றம் மட்டும் போகவில்லை. முதல் நாள் எனக்குத் தலை சுற்றியது. பிள்ளைகளுக்கு அது அப்பாவின் சட்டை வாசனை. ஒன்றும் தெரியவில்லை. நான் சொரிமுத்து வீட்டில் தங்கியிருக்கிறேன். அவர் மகள் ஜினி நான்காம் வகுப்பு. சாயங்காலம் நான் துணி துவைக்கும்போதும் பின்னாலேயே வந்து பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள்.

இந்த ஜினியைத்தான் பாலம் போன மறு வாரம் கழக்கூட்டத்தில் ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்த்துக்கொள்ள அனுப்புவதாக இருந்தார்கள். துணி மூட்டை கட்டி வைத்திருந்தது. சொரிமுத்து என்னிடம் சொன்னார்: "ஸ்கூளு இல்லன்னா புள்ள இங்க சும்மாதானே டீச்சரே நிக்கும். அங்கெ போனா வயறு நெறயும்." அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. நான் புரையைக் கேட்டதும் மூட்டையைப் பிரித்து உள்ளே வைத்தாள் ஜினியின் அம்மா.

மறைக்காமல் ஒன்று எழுதுகிறேன். வியாழக்கிழமை மத்தியானம் மலை மேல் பெய்த மழை கீழே தெரியவில்லை. திடீரென்று ஆறு கலங்கி ஏறியது. புரைக்குக் கீழே இருக்கும் பாறை மூழ்கியது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் சின்னவன் ஒருவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் நின்றபோது, சேஷன் சார் சொன்னது சரியோ என்று நினைத்தேன். நாளைக்கே நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலையில் பதினொரு பேரும் புரைக்கு வரவில்லை. நேராக மேட்டுக்கு வந்து, அங்கே நின்ற பலா மரத்தடியில் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கேட்காமலே இடம் மாற்றிவிட்டார்கள். அப்பாக்கள் அங்கேயே கம்பு நட்டு டார்ப்பாய் கட்டினார்கள். ஆகவே புரை பற்றிய உங்கள் ஆட்சேபணை ஏற்றுக்கொள்ளப்பட்டது. பள்ளிக்கூடம் இப்போது மேட்டில் நடக்கிறது. மழை வலுத்தால் வகுப்பு இல்லை. அதையும் இந்த வாரச் செய்தியில் போட்டிருக்கிறேன்.

திரும்பி வர மாட்டேன்.

ராகேல்

*

கோட்டைக்ககம்
ஆகஸ்ட் 11

தலைமையாசிரியை திருமதி ராகேல் அவர்களுக்கு,

மேனேஜரின் உத்தரவை மீறியது, பள்ளி வளாகத்தை விட்டுத் தொடர்ந்து வெளியே இருந்தது, அனுமதியின்றிப் பெற்றோருக்குச் செய்தி அனுப்பியது ஆகிய காரணங்களுக்காக நீங்கள் இன்று முதல் தற்காலிகப் பணி நீக்கம் செய்யப்படுகிறீர்கள். விசாரணை முடியும்வரை பள்ளி வளாகத்துக்குள் வரவோ பள்ளி வேலை எதையும் செய்யவோ கூடாது. பொறுப்பு சஜின் மாஷுக்கு. முறையான மெமோ இத்துடன் இருக்கிறது.

மெமோவில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். ஆறு ஏறியது என்று நீங்கள் எழுதிய அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அதைத் தைரியமாக எழுதுகிறீர்கள். இங்கே கோட்டையில் உட்கார்ந்துகொண்டு படிக்கிறவனுக்கு அதில் பதினொரு குழந்தைகளும் தண்ணீரும் மட்டும்தான் தெரிகிறது. நீங்கள் நிறுத்த மாட்டீர்கள் என்றால் நான்தான் நிறுத்த வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சேஷன்

*

கல்லாறு அக்கரை
ஆகஸ்ட் 14

மேனேஜர் சாருக்கு,

மெமோ கிடைத்தது. சோற்றுப் பெட்டியில் பயறுக்கு மேலே வந்தது. கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மெமோவின்படி நான் பள்ளி வளாகத்துக்குள் வரக் கூடாது. வரவில்லை. பள்ளி வேலை செய்யக் கூடாது. செய்யவில்லை. ஜூலை 28-ஆம் தேதிக் கடிதத்தில் நீங்களே உங்கள் கையால் எழுதியிருக்கிறீர்கள்: புரை பள்ளிக்கூடத்தின் இடம் அல்ல, அங்கே நடப்பது பள்ளி வகுப்பும் அல்ல. அப்படியானால், பள்ளி இல்லாத இடத்தில் வகுப்பு அல்லாத ஒன்றை நடத்த எனக்கு உங்கள் அனுமதி எதற்கு சார்? இனி நமக்குள் எல்லாம் கடிதத்தில் என்றவர் நீங்கள்தான்.

ஆகவே காலையில் மேட்டுக்குப் போகிறேன். வேலையில்லாத ஒரு பொம்பிளை பலா மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். பதினொரு பிள்ளைகள் வந்து சுற்றி உட்காருகிறார்கள். அவள் எதையோ எழுதுகிறாள், அவர்களும் எழுதுகிறார்கள். சட்டத்தில் இதற்குத் தடை இருந்தால் தெரிவியுங்கள்.

அடுத்த வாரம் ஓணப் பரீட்சை. கேள்வித்தாளை சஜின் மாஷ் கயிற்றில் அனுப்புவார், விடைத்தாள் கயிற்றில் திரும்பும். அவரைக் கோபிக்காதீர்கள். "டீச்சரே, நான் பொறுப்பு மட்டும் ஏத்துக்கிட்டேன், வேறொண்ணும் ஏத்துக்கல" என்று நேற்று கரையில் நின்று கத்தினார். நல்ல பையன்.

செய்தித்தாளை இனிப் பள்ளியின் பெயரில் அனுப்ப மாட்டேன். என் பெயரில் அனுப்புகிறேன். முதல் தாளை இணைத்திருக்கிறேன். அதில் இருப்பது:

"குடும்பங்களுக்கு. மேனேஜர் என்னைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கியிருக்கிறார். வேறு யார் மூலமாகவும் நீங்கள் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதால் நானே எழுதுகிறேன். பிள்ளைகளின் படிப்பு நிற்காது. ஆகஸ்ட் 29 வெள்ளிக்கிழமை ஓணாகோஷம். இரு கரையிலும் அத்தப்பூக் கோலம் போடுவோம். ஓணப்பாட்டில் ஒரு வரி இக்கரை பாடும், மறுவரி அக்கரை பாடும். பாயசம் இக்கரையிலிருந்து வரும். வாழையிலை அக்கரையிலிருந்து போகும். எல்லாரும் வாருங்கள்."

நீங்களும் வாருங்கள் சார். நிறுத்துவதென்றால் நேரில் வந்து நிறுத்துங்கள். வித்துரா வழி. ரோடு இருக்கிறது, ஜீப் ஓடுகிறது.

ராகேல்

*

கோட்டைக்ககம்
ஆகஸ்ட் 25

ராகேல் டீச்சருக்கு,

வருகிறேன். நிறுத்தத்தான் வருகிறேன். பாயசத்துக்கு அல்ல.

சேஷன்

*

கோட்டைக்ககம்
செப்டம்பர் 1

ராகேல் டீச்சருக்கு,

கட்டிலில் காலை நீட்டியபடி எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் கணுக்கால்தான். வேறு எதுவும் அல்ல.

என்ன நடந்தது என்று நீங்கள் உங்கள் பாணியில் செய்தித்தாளில் போடுவதற்கு முன் என் தரப்பை எழுதி வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே கிரிஷ் என்னைக் காரில் வித்துராவில் விட்டான். அவனுக்கு ஆபீஸ். ஜீப் நிறைய வெகுநேரம் ஆயிற்று. பக்கத்தில் ஒரு ஆட்டுக்குட்டியும் இருந்தது. எஸ்டேட் ரோட்டில் இறக்கிவிட்டு, "இனி நடக்கணும் ஸ்வாமி, கீழோட்டு" என்றான் டிரைவர். இறக்கம்தானே என்று நினைத்தேன். டீச்சர், அந்த இறக்கத்தில் பாதைக்கும் ஓடைக்கும் என்ன வித்தியாசம்? செருப்பு ஒன்று சேற்றோடு போனது. அட்டை வேட்டிக்குள் ஏறியது. காட்டு விளிம்பில் யானை போட்டுவிட்டுப் போனது ஆவி பறக்கக் கிடந்தது. ஆவி பறந்தது என்பதை அழுத்தமாகவே எழுதுகிறேன். அதைத் தாண்டி ஓடினேன். ஓடிய இடத்தில் விழுந்தேன்.

எவ்வளவு நேரம் ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. யோசிக்க நேரம் இருந்தது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை இந்த இடத்தில் விழுந்தால் என்ன செய்யும் என்று யோசித்தேன். "ரோடு இருக்கிறது, ஜீப் ஓடுகிறது" என்று எழுதியவன் நான். கோட்டைக்ககத்திலிருந்து பார்த்தால் அது ரோடு.

சொரிமுத்து வந்தார். நீங்கள்தான் தேடி வர அனுப்பினதாகச் சொன்னார். "சாரே, பேடிக்காண்டாம், பயமொண்ணும் இல்ல, முதுகுல ஏறிக்குங்க" என்றார். வேண்டாம் என்றேன். "அப்ப யானை வரட்டும்" என்று அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஏறிக்கொண்டேன்.

மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது உங்கள் விழா நடந்துகொண்டிருந்தது. பாட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆற்றின் இரைச்சல்தான். இக்கரையில் வாய் அசைகிறது, அக்கரையில் வாய் அசைகிறது, யாருக்கும் யார் பாடுவதும் கேட்கவில்லை, ஆனாலும் எல்லாரும் கையை ஆட்டிக்கொண்டு பாடுகிறார்கள். அந்தச் சமயத்தில்தான், தொப்பையும் வெள்ளை வேட்டியும் பிடித்த குடையுமாக ஒரு ஆள் இன்னொருவர் முதுகில் வந்து இறங்குவதை உங்கள் ஜினி பார்த்துவிட்டு, "மாவேலி வந்தூ!" என்று கத்தினாள். ஓணத்துக்கு ஊர் பார்க்க வருகிற மகாபலி ராஜாவாம் நான். அந்தச் சத்தம் மட்டும் ஆறு தாண்டிக் கேட்டது. இரண்டு கரையும் கை தட்டியது. எனக்கு அறுபத்தொன்பது வயது. இதுவரை என்னை யாரும் அப்படி வரவேற்றதில்லை.

நிறுத்து என்று சொல்ல வந்தேன். எங்கே சொல்வது? உட்கார வைத்து அட்டையை எடுத்து, காலில் மஞ்சள் அரைத்துக் கட்டி, பாயசத்தை நீட்டினீர்கள். இரண்டு நாள் மழை என்னை அங்கேயே இருத்தியது. பார்த்ததைப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகளின் எழுத்தையும் பார்த்தேன்.

என் முடிவு: சுற்று வழி பற்றிய உத்தரவை ரத்து செய்கிறேன். பணி நீக்கத்தையும் ரத்து செய்யத் தயார். பாலம் வரும்வரை அக்கரை வகுப்பை அங்கீகரிக்க அதிகாரிகளுக்கு நானே எழுதுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. அடுத்த செய்தித்தாளில், அக்கரை வகுப்பு ஆரம்பம் முதலே மேனேஜரின் அனுமதியோடு நடந்தது என்று போட வேண்டும். ஒரு வரி போதும். பள்ளியின் மரியாதைக்காகக் கேட்கிறேன்.

சேஷன்

*

பாறசாலை
செப்டம்பர் 3

மேனேஜர் சாருக்கு,

ஓண லீவுக்கு யோசுவா வீட்டுக்கு வந்திருக்கிறேன். கணுக்கால் எப்படி இருக்கிறது? வீக்கம் வடியாவிட்டால் படம் எடுத்துப் பாருங்கள். சும்மா விடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை யோசுவாவும் படித்தான். "அக்கா, ஒரு வரிதானே, எழுதிக் குடுத்துட்டு வேலைக்குப் போவியா" என்றான். உங்கள் கடிதத்தை நான் மதிக்கிறேன் சார். விழுந்த இடத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டாம் முறையும் படித்தேன்.

ஆனால் அந்த வரியை எழுத மாட்டேன்.

அனுமதியில்லாமல் நடந்தது. எல்லாருக்கும் தெரியும். ஜெயஷீலா கத்தினது இரு கரைக்கும் கேட்டது. என் மெமோவைப் பற்றி நானே அச்சடித்துக் கொடுத்தேன். இப்போது ஆரம்பம் முதலே அனுமதி இருந்தது என்று அதே தாளில் போட்டால், அந்தக் குடும்பங்கள் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். "சரி டீச்சர்" என்பார்கள். அதற்குப் பிறகு நான் எழுதும் எதையும் நம்ப மாட்டார்கள். பாலம் நல்ல உறுதியாக இருக்கிறது, பிள்ளையை அனுப்புங்கள் என்று ஒரு நாள் எழுத வேண்டி வரும். அன்றைக்கு அவர்கள் என்னை நம்ப வேண்டும்.

மூட்டையைப் பிரித்த அம்மாவுக்கு மேனேஜர் அனுமதி இருந்ததா என்பது தெரியாது. பள்ளிக்கூடம் வரும் என்று தாளில் பார்த்தாள், வந்தது. அதற்காகத்தான் பிரித்தாள்.

பள்ளியின் மரியாதை என்கிறீர்கள். மேனேஜர் கூடாது என்று சொன்னார், பிறகு அந்த வழியில் தானே நடந்து பார்த்தார், தன் உத்தரவைத் தானே ரத்து செய்தார் என்று எழுதினால் அது மரியாதைக் குறைவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்படிச் செய்கிற மேனேஜர் வேறு எத்தனை பள்ளிக்கூடத்துக்கு இருக்கிறார்?

பணி நீக்கம் அப்படியே இருக்கட்டும். எட்டாம் தேதி ஸ்கூல் திறக்கிறது. வேலையில்லாத பொம்பிளை பலா மரத்தடிக்குப் போவாள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, உங்களோடு இப்படி நிற்க வேண்டியிருக்கிறதே என்று மட்டும் வருத்தம்.

நாகலக்ஷ்மி அம்மாவுக்கு என் ஓண வாழ்த்துகள்.

ராகேல்

*

கோட்டைக்ககம்
செப்டம்பர் 5, திருவோணம்

ராகேல் டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை நாகலக்ஷ்மியிடம் படித்துக் காட்டினேன். அவளுக்காவது என் பக்கம் தெரியும் என்று நினைத்தேன். "ஏன்னா, அந்தப் பொம்மனாட்டி சொல்றதுல எந்தாக்கும் தப்பு? நீங்கோ வேண்டாம்னு சொன்னேள், அப்பறம் போய்ப் பாத்தேள். அதெப் போட்டா என்ன கொறஞ்சுடும்?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் உத்தரவை எழுத உட்கார்ந்தேன்.

நிபந்தனை கிடையாது. பணி நீக்கம் ரத்து. உத்தரவு இத்துடன் இருக்கிறது. அதிகாரிகளுக்கும் எழுதியாயிற்று. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். சொரிமுத்துவின் முதுகையும் மாவேலியையும் மட்டும் விட்டுவிடுங்கள். இதை உத்தரவாகச் சொல்லவில்லை, கேட்டுக்கொள்கிறேன்.

சேஷன்

*

கல்லாறு அக்கரை
செப்டம்பர் 8

மேனேஜர் சாருக்கு,

உத்தரவு கிடைத்தது. நன்றி சார். ஜெயஷீலா கரண்டியை ஆட்டிக் காட்டினாள். கோபமில்லை என்று அர்த்தம்.

இன்று பதினொரு பேரும் வந்தார்கள். ஜினிதான் முதலில் வந்தாள். இந்த மாதச் செய்தித்தாள் இன்று சாயங்காலம் பிள்ளைகளின் பையில் வீடுகளுக்குப் போகிறது. உங்களுக்கும் ஒரு பிரதி இணைத்திருக்கிறேன். அனுப்பும் முன் காட்டவில்லை. இனியும் காட்ட மாட்டேன். ஆனால் ஊரெல்லாம் படித்த பிறகு கிரிஷ் போனில் படித்துக் காட்ட வேண்டியதும் இல்லை. எல்லாக் குடும்பங்களுக்கும் போகும் அன்றே உங்களுக்கும் தபாலில் சேர்த்துவிடுவேன்.

மாவேலியை நான் எழுதவில்லை. ஆனால் ஓணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன், பதினொரு பேரும் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் எழுதுவதை நான் திருத்த முடியாது. எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினேன்.

ராகேல்

"குடும்பங்களுக்கு. கோமதி விலாசம் எல்.பி. ஸ்கூல், செப்டம்பர்.

அக்கரை வகுப்பு மேனேஜரின் அனுமதியில்லாமல் நடந்தது. அதற்காக என்னை வேலையிலிருந்து நீக்கினார். பிறகு அவர் வித்துரா வழியாகத் தானே நடந்து வந்து பார்த்தார். பிள்ளைகள் அந்த வழியில் வர வேண்டும் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். என் வேலை எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. இன்று முதல் அக்கரை வகுப்பு அவர் அனுமதியோடு நடக்கிறது.

ஓணப் பரீட்சை மார்க் வெள்ளிக்கிழமை தருவோம். இரு கரைப் பெற்றோரும் அன்று கரைக்கு வாருங்கள். சத்தமாகப் பேசத் தயாராக வாருங்கள்.

பல் டாக்டர் இருபதாம் தேதி வருகிறார். அக்கரைக்கும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அட்டைக்கு உப்பு கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

மழை வலுத்தால் வகுப்பு இல்லை. அன்று யாரும் பிள்ளையை ஆற்றுப் பக்கம் விட வேண்டாம்.

இனி மாதம் ஒரு நாள் மேனேஜர் சேஷன் சார் அக்கரைக்கு வந்து நான்காம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பார். கணுக்கால் சரியானதும் வருவார். அவர் இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை."